வெளிச்சத்துக்கு நடை பழக்கிய கதை

மேடையிலே நடனத்தைப் பார்க்கச் செல்பவர்கள் மேலே கட்டித் தொங்கும் விளக்குகளைப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. விளக்கு தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கும் வரையில் அதனை ஒருவரும் எண்ணுவதில்லை. ஒரு கணம் அது தவறிவிட்டால் மட்டும் சபை முழுவதும் தலை நிமிர்ந்து அதனையே நோக்கும். அவ்வாறு சபை முழுவதும் தலை நிமிர்ந்த ஓர் இரவுக்கு நானே காரணமாயிருந்தேன். அந்த இரவையும் அதன் பின் நிகழ்ந்தவற்றையுமே இங்கு எழுதப் புகுகின்றேன். உயர்தர வகுப்பிலே கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இதிற் சிறிது பயன் இருக்கக்கூடும். கணிதத்தைக் கண்டு அஞ்சுபவர்களும் பயமின்றி வாசிக்கலாம்.

'மூவிங் ஹெட்' என்று தொழிலாளர் சொல்லும் விளக்கை இன்று கல்யாண மண்டபங்களிலும், கோயில் வீதிகளில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளிலும் பலரும் கண்டிருப்பர். ஓர் அடிப்பெட்டி, அதிலிருந்து நீண்டு சுழலும், கவண் போன்ற இரு கைகள், அக்கைகளுக்கு இடையே மேலும் கீழும் சாயும் தலை. இவ்வளவுதான். இடம் வலமாகத் திரும்புவதைப் 'பான்' என்றும், மேல் கீழாகச் சாய்வதை 'டில்ட்' என்றும் சொல்வார்கள். நான் அவற்றைத் திரும்பல் என்றும் சாய்தல் என்றும் குறிப்பிடுகின்றேன். பெரும்பாலான விளக்குகள் 540 பாகை திரும்பும். 270 பாகை சாயும். அதாவது தன்னைத்தானே ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வல்லது அது. நம்மிற் பலருக்கு இயலாத காரியம்.

இத்தகைய விளக்கு உலகத்துக்கு வந்தது ஒரு வகையில் தற்செயலாகவே. அமெரிக்காவில் டலஸ் நகரத்து மேடை ஒளியமைப்பாளர் சிலர், தானாக நிறம் மாறும் விளக்கொன்றைச் செய்ய முயன்றார்கள். இன்னும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்துவிட்டால் விளக்கே அசையுமல்லவா என்ற எண்ணம் அவர்களுக்கு ஒரு மதிய உணவு வேளையிலே தோன்றியதாம். 1981 ஆம் ஆண்டில் 'ஜெனசிஸ்' என்னும் ஆங்கில இசைக்குழு பார்சலோனாவில் நடத்திய நிகழ்ச்சியில் அவ்விளக்குகள் முதன்முதலாகச் சபையோர்முன் அசைந்தன. 'வாரி-லைட்' என்பது அவற்றின் பெயர். அந்த இரண்டு மோட்டார்களே பின்னர் என்னையும் படாத பாடு படுத்தின.

என் தொழில் கணினிக்குச் செய்நிரல் எழுதுவது. கொழும்பிலே வங்கிக் கணக்குகளோடும் பண்டகசாலை இருப்புகளோடும் காலங்கழிக்கும் எனக்கு மேடையோடு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. 2023 ஆம் ஆண்டு நவராத்திரிக்கு ஊர் சென்றிருந்தபோது, என் தமக்கையாருக்கு முன்பு நடனம் கற்பித்த ஆசிரியை ஒருவர் என்னை அழைத்து, வாணி விழாவிற் பாடசாலைப் பிள்ளைகள் ஆடும் நடனத்துக்கு வெளிச்சம் அமைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். ஆறு விளக்குகள் வாடகைக்கு வந்திருந்தன. அவற்றை இயக்கும் ஆளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. கணினி தெரிந்தவனுக்கு விளக்குந் தெரியும் என்று ஆசிரியை நினைத்தார். நானும் அவ்வாறே நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

கணினி விளக்குக்கு அனுப்புவது வெறும் எண்களையே. 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடகத் தொழினுட்ப நிறுவகம் வகுத்த 'டி.எம்.எக்ஸ். 512' என்னும் விதி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஒரு வடத்தினூடாக 512 எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையில், செக்கனுக்கு ஏறத்தாழ 44 தடவை வரை ஓடிக்கொண்டிருக்கும். இன்ன எண் இன்ன விளக்கின் திரும்பல், இன்ன எண் அதன் சாய்தல், இன்ன எண் அதன் பிரகாசம் என்று நாம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். என் மடிக்கணினியில் ஒரு சிறு செய்நிரலை எழுதி, அதன் வாயிலாக எண்களை அனுப்பத் தொடங்கினேன்.

முதல் நாள் ஒத்திகையின்போது ஆசிரியை சொன்னது இன்னமும் என் காதில் நிற்கின்றது.

"தம்பி, இந்த லைற் ஏன் பயந்த கன்றுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளிப் போகுது?"

காரணம் எளிது. 540 பாகைத் திரும்பலை ஒரே எண்ணாற் சொன்னால், அதற்கு 255 படிகளே கிடைக்கும். ஒரு படிக்கு 2 பாகைக்குச் சற்று மேல். விளக்கிலிருந்து மேடை 6 மீற்றர் தூரத்தில் இருந்தது. அத்தூரத்தில் ஒரு படி என்பது தரையிலே 22 சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண். வெளிச்சம் சாண் சாணாகத் தாவியதில் வியப்பென்ன? விலை கூடிய சில விளக்குகள் அந்த இடைவெளியைத் தாமே நிரவிக்கொள்ளும். எங்களுக்கு வந்தவை அவ்வளவு கெட்டித்தனம் உடையவை அல்ல. இதற்குப் பரிகாரமும் அந்த விதியின் வழக்கத்திலேயே உண்டு. திரும்பலுக்கு ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை ஒதுக்கினால், ஒன்று பெரும்படியையும் மற்றது அப்பெரும்படிக்குள் இருக்கும் சிறுபடியையும் சொல்லும். 256 ஐ 256 ஆற் பெருக்க 65,536 படிகள். அப்பொழுது ஒரு படி தரையிலே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. அன்று மாலையே அவ்வாறு மாற்றினேன். துள்ளல் நின்றது.

ஆயினும் ஆசிரியைக்குத் திருப்தி ஏற்படவில்லை. வெளிச்சம் ஓரிடத்திலிருந்து புறப்படும்போதும் மற்றோரிடத்திற் சென்று நிற்கும்போதும் ஏதோ முட்டுவதுபோல் இருக்கின்றது என்றார். நானும் உற்றுப் பார்த்தேன். அவர் சொன்னது மெய்யே. விளக்கின் தலை நிற்கும்போது ஒருமுறை நடுங்கியது. அந்த நடுக்கம் 6 மீற்றருக்கு அப்பால் ஒளிவட்டத்தின் நடுக்கமாகப் பெருத்துத் தெரிந்தது.

பஸ்ஸிலே நின்றுகொண்டு பிரயாணஞ் செய்தவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. கெட்ட சாரதி வண்டியை எடுத்த எடுப்பிலே ஓட்டி, நிறுத்திய நிறுத்தலிலே நிறுத்துவான். நல்ல சாரதி எடுப்பது தெரியாமல் எடுத்து, நிறுத்துவது தெரியாமல் நிறுத்துவான். நான் எழுதிய செய்நிரலில் வேகம் பூச்சியத்திலிருந்து ஒரே தாவலில் முழு அளவுக்குச் சென்று, முடிவிலே ஒரே தாவலிற் பூச்சியமாயிற்று. இடையிலே எவ்வளவு ஒழுங்காகச் சென்றால் என்ன?

சித்திரைப் புத்தாண்டுக்குப் புளிய மரத்திலே கட்டும் ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது ஒரு முனையிலே கணப்பொழுது நிற்கும். பின்னர் மெல்ல இறங்கும். நடுவிலே விரைந்து செல்லும். மறுமுனையை அணுக அணுகத் தளர்ந்து மீண்டும் நிற்கும். எந்த இடத்திலும் முட்டல் இல்லை. அதிலே ஆடும் குழந்தை உறங்கிப்போவதும் அதனாலேதான். இந்த அசைவை எழுதிக்காட்டுவதே நாம் வகுப்பிற் படிக்கும் சைன் வளையி. அதன் அரைப்பங்கை எடுத்து விளக்கின் பிரயாணத்துக்குப் பொருத்தினேன். அவ்வாறு செய்தால், நேரத்தின் காற்பங்கு கழிந்தபோது விளக்கு வழியின் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கையே கடந்திருக்கும். நேரத்திற் பாதி கழிந்தபோது வழியிலும் சரி பாதியில் நிற்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். முனைகளிலே இழந்த நேரத்தை நடுவிலே ஈடுசெய்வதால், நடுவழியில் வேகம் சராசரியின் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகும். அந்த வேகத்துக்கு மோட்டார் ஈடுகொடுக்குமா என்று முதலிலே பார்த்துக்கொள்ள வேண்டும். ஈடுகொடுக்காவிட்டால் விளக்கு பின்தங்கிவிடும். பின் ஓடிவந்து முட்டும். பழைய குறையே திரும்பவும் வந்து சேரும்.

அன்றைக்கு ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதிருப்பதே பெரும் பாராட்டு என்று என் தமக்கையார் பின்பு சொன்னார்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணிதம் கைகொடுக்கத் தொடங்கினால் மனிதனுக்கு ஆசை வளர்ந்துவிடுகின்றது. திரும்பலுக்கு ஒரு சைன் வளையியைக் கொடுத்து, சாய்தலுக்கு அதனிலும் 90 பாகை அவத்தை வித்தியாசமுள்ள மற்றொன்றைக் கொடுத்தால், வெளிச்சம் வட்டமாகச் சுற்றும். ஒரு முனையிலே ஒன்று நிற்கும் கணத்தில் மற்றது முழு வேகத்தோடு செல்வதால், எங்கும் நில்லாத ஓர் ஓட்டம் உண்டாகின்றது. பிள்ளைகள் ஒன்பது பேர் ஆடும் நடனத்தின் நடுவிலே, தேவியாக நிற்கும் பிள்ளையைச் சுற்றி இந்த வட்டம் வரவேண்டும் என்று எண்ணினேன்.

வட்டம் முதலில் வட்டமாக வரவில்லை. சப்பிய முட்டைபோல் வந்தது. விளக்கு நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு திரும்பினாலும் வெளிச்சம் நின்ற இடத்திலேயே சுழலும். தலை சாயச் சாயத்தான் திரும்பலுக்குப் பலம் பிறக்கின்றது. தலை 30 பாகை சாய்ந்திருக்கும்போது தரையிலே வட்டம் தெரியவேண்டுமாயின், திரும்பலின் வீச்சம் சாய்தலின் வீச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் சிறிது மேலாக இருக்கவேண்டும். இதனைத் திரிகோண கணிதங்கொண்டு கண்டுபிடிக்கலாம். நான் முதலிற் சுண்ணக்கட்டியால் தரையிலே வட்டம் கீறி, கண்ணாற் பார்த்துத் திருத்தி, அதன் பின்னரே கணக்குப் போட்டேன். ஆறு விளக்குகளுக்கும் ஆறு கணக்கு.

ஆறும் ஒரே இடத்திலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றாதபடி, ஒவ்வொன்றுக்கும் 60 பாகை அவத்தை இடைவெளி கொடுத்தேன். அப்பொழுது ஆறு ஒளிப்பொட்டுகளும் மாலையிற் கோத்த மணிகளைப்போலச் சம தூரத்தில் அந்தப் பிள்ளையைச் சுற்றி வலம் வந்தன. தொடக்கத்திலே அவை திடீரென்று தத்தம் இடங்களுக்குப் பாயாதிருக்கும்படி, வட்டத்தின் வீச்சத்தைப் பூச்சியத்திலே தொடங்கி மெல்ல வளரச் செய்தேன். நடுவிலே ஒன்றுகூடியிருந்த வெளிச்சம் பூ விரிவதுபோல விரிந்து சுழலத் தொடங்கியது. ஒத்திகை பார்த்த பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

விழா இரவு வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. நடனத்தின் முதற் பகுதி விளம்பத்திலே சென்றது. 10 செக்கனுக்கு ஒரு சுற்றாக என் வெளிச்சமும் நிதானமாக வலம் வந்தது. பின்னர் மிருதங்கம் இரண்டாங் காலத்துக்கு மாறும் இடம். வேகம் இரு மடங்கு. ஒத்திகையிற் செய்ததுபோலவே நானும் விசையை அழுத்தினேன். 5 செக்கனுக்கு ஒரு சுற்று.

ஆறு விளக்குகளும் ஒரே கணத்திலே வெறிகொண்டவைபோல எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்தன. ஆறு கதிர்களும் நடுவிலே நின்ற பிள்ளையின் முகத்தைக் கடந்து சென்றன. அவள் அப்பொழுது ஒரு காலைத் தூக்கி நின்றாள். கண் கூசிப் பின்னே சரிந்து, முழங்கால் தரையிற்பட விழுந்தாள். சலங்கை ஒலி நின்றது. மிருதங்கம் நிற்கவில்லை. இரண்டு தட்டுக்குள் அவள் எழுந்து, விட்ட இடத்திலே சேர்ந்துகொண்டாள். சபை மேலே விளக்குகளைப் பார்த்தது. பின்னர் திரும்பி என்னைப் பார்த்தது. அப்பிள்ளைக்கு வயது பதின்மூன்று.

அன்றிரவு நான் வாடகைக்கு விளக்குத் தந்தவரையே குறை சொன்னேன். பழைய மோட்டார், தேய்ந்த பட்டி, மலிவான சாமான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மறுநாட் காலையில் வந்து ஆறையும் ஒவ்வொன்றாக ஏற்றி இயக்கிக் காட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர் இரண்டு நாட்கள் என் செய்நிரலோடு உட்கார்ந்திருந்தேன். எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே ஓடியது. மூன்றாம் நாள், மேடையிலே நடந்தவாறே முதலிலிருந்து முழு நடனத்தையும் ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றிற்று. ஓட்டினேன். பாய்ந்தது.

விஷயம் இதுதான். வெளிச்சம் வட்டத்தில் எங்கே நிற்கவேண்டும் என்பதை, தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை அப்போதைய வேகத்தாற் பெருக்கி நான் கணக்கிட்டிருந்தேன். வேகம் மாறாத வரையில் இதிற் பிழையில்லை. ஆனால் ஒருவன் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திற் சைக்கிளிலே புறப்படுகின்றான் என்று வையுங்கள். ஒரு மணித்தியாலம் கழிந்ததும் அவன் வேகத்தை 20 ஆக்குகின்றான். அந்தக் கணத்திலே, "நீ ஒரு மணித்தியாலம் வந்திருக்கின்றாய்; உன் வேகம் 20; ஆகவே நீ 20 ஆவது கிலோமீற்றரில் நிற்கின்றாய்" என்று சொல்லி அவனை வழியிலிருந்து தூக்கி அப்பால் வைத்தால் எப்படியிருக்கும்? நான் என் விளக்குகளுக்குச் செய்தது அதுவே.

விழா இரவில் நான் விசையை அழுத்தியது நடனம் தொடங்கி 95 ஆவது செக்கனில். பழைய வேகப்படி 9½ சுற்று முடிந்திருந்தது. புதிய வேகப்படி 19 சுற்று. ஆக, வட்டத்தின் ஒரு பக்கத்திலே நின்ற வெளிச்சம் சரியாக எதிர்ப்பக்கத்திலே இருந்திருக்க வேண்டும் என்று கணினி கருதி, ஒரே பாய்ச்சலில் அங்கே அனுப்பியது. வட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செல்லும் நேர்வழி மையத்தினூடாகவே செல்லும். மையத்திலே நின்றவள் அந்தப் பிள்ளை.

அப்படியாயின் ஒத்திகையில் ஏன் பாயவில்லை? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வேதனையும் சேர்ந்து வரும். ஒத்திகையிலே நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, காலம் மாறும் இடத்துக்குச் சரியாக 10 செக்கன் முன்னிருந்து தொடங்கச் சொல்வேன். 10 செக்கனிற் பழைய வேகப்படி ஒரு சுற்று; புதிய வேகப்படி இரண்டு சுற்று. ஒன்றானாலும் இரண்டானாலும் முழுச் சுற்று முழுச் சுற்றே. வெளிச்சம் நின்ற இடம் ஒன்றே. பிழை ஒத்திகை தோறும் என் கண்முன்னே நின்று, தன்னை ஒளித்துக்கொண்டிருந்தது.

திருத்துவதற்கு ஐந்து நிமிடமும் செல்லவில்லை. தொடக்கத்திலிருந்து கணக்கிடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணத்திலும் முன்பு நின்ற இடத்தோடு அந்தக் கணத்துக்குரிய சிறு நகர்வை மட்டும் கூட்டிக்கொள்ளச் செய்தேன். வேகம் எவ்வாறு மாறினாலும் வெளிச்சம் நின்ற இடத்திலிருந்தே செல்லும். அதனோடு, வேகமும் ஒரே தட்டில் இரட்டிக்காமல், மிருதங்கத்தின் எட்டுத் தட்டுக்குள் படிப்படியாக உயரும்படி செய்தேன். பின்னர் விளக்குக்காரருக்குத் தொலைபேசியில் அழைத்து, பிழை என்னுடையது என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

தைப்பொங்கலை ஒட்டி அதே நடனம் அதே மண்டபத்தில் மீண்டும் நடைபெறவிருந்தது. ஆசிரியைக்கு நடந்ததைச் சொல்லி, இன்னுமொரு சந்தர்ப்பம் தரும்படி கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு ஒன்றுமில்லைத் தம்பி. பிள்ளை லைற் வேண்டாம் எண்டு சொல்லுறாள். நீர் அவளிட்டைக் கேளும்."

2024 ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பிள்ளை தன் தகப்பனாரோடும் ஏழு வயதுத் தங்கையோடும் வெறும் மண்டபத்துக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். தகப்பனார், "பரவாயில்லை, பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்று என்னைத் தேற்றினார். அது எனக்கு இன்னும் பாரமாயிருந்தது. மேடையிலே ஒரு கதிரையை வைத்து, அதைச் சுற்றி வட்டத்தை ஓட்டிக் காட்டினேன். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், வேண்டுமென்றே கண்ட கண்ட இடத்தில் மாற்றியும் காட்டினேன். வெளிச்சம் ஓரிடத்திலும் பாயவில்லை.

அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர் மேடைக்கு ஏறி, கதிரையைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்திலே தானே நின்றாள். இரண்டு சுற்று வந்ததும் கையை உயர்த்தினாள்.

"அண்ணா, இது வடிவா இருக்குத்தான். ஆனா நான் முன்னுக்குப் பார்க்கேக்க இது கண்ணுக்குள்ள தெரியுது. எப்ப வரும் எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டா, அடவு மறந்துபோகும்."

வெளிச்சம் மிருதுவாகச் செல்லவேண்டும் என்று நான் பட்ட பாடெல்லாம் சபையிலிருந்து பார்ப்பவரை எண்ணியே. மேடையிலே நிற்பவருக்கு அது எவ்வாறு தெரியும் என்று நான் ஒரு தரமேனும் அங்கே சென்று நின்று பார்த்ததில்லை. அன்று நின்று பார்த்தேன். அவள் சொன்னது முழுவதும் உண்மை. கதிர் நேரே கண்ணிற் படாவிட்டாலும், முன்னே மேலே ஆறு கண்கள் மாறி மாறித் திரும்பிக்கொண்டிருப்பது மனத்தை அலைக்கழித்தது. இது போதாதென்று, ஆலாபனையின் அமைதியிலே மோட்டார்கள் உறுமும் சிறு சத்தமும் மேடைக்கு நன்றாகக் கேட்டது.

ஆகவே நான்கு விளக்குகளை மேடையின் பின்புறக் குழாயில் ஏற்றித் தரையை நோக்கிச் சாய்த்தேன். இரண்டை முன்னே வைத்து, அசையாமல் நிறுத்திவிட்டேன். பின்னே ஏற்றியதனால் வேறொரு சிக்கல் வந்தது. வெளிச்சம் விளக்குக்கு நேர் கீழே உள்ள இடத்தைக் கடந்து செல்லவேண்டுமானால், தலையைத் திருப்பிக் கடக்கலாம்; சாய்த்தும் கடக்கலாம். திருப்பினால் அது அரைச் சுற்றுச் சுற்றி அல்லற்படும். சாய்த்தால் ஊஞ்சல்போல நேரே சென்றுவிடும். ஒரே இடத்தை இரண்டு வழியாக நோக்க வல்ல கருவிக்கு, எந்த வழி என்பதையும் நாமே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது பெரும்பாலும் தூரவழியையே தெரிந்தெடுக்கின்றது. ஏனென்று எனக்கு விளங்கவில்லை, நான் தூங்கும்போதுதான் அது யோசிக்கிறதோ என்னவோ. இடம் மாறவேண்டிய பெரிய நகர்வுகளை விளக்கு அணைந்திருக்கும் வேளையில், இருட்டிலேயே முடித்துக்கொண்டேன்.

ஆசிரியை ஒரு திருத்தம் சொன்னார். காலம் மாறும்போது நடனம் வெட்டி மாறுகின்றதே, வெளிச்சம் மட்டும் ஏன் மெதுவாக மாறவேண்டும் என்று நான் ஐயுற்றுக் கேட்டிருந்தேன். அடவு வெட்டி நிற்பது பிள்ளையின் வேலை. அவளும் வெட்டி வெளிச்சமும் வெட்டினால் பார்ப்பவர் எதைப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பொங்கல் விழா நடந்தது. அந்த இடம் வந்தது. என் கை நடுங்கியது, விசையை அழுத்தினேன். பின்னே தரையிலே நான்கு ஒளிப்பொட்டுகள் தத்தம் ஊஞ்சலை மெல்ல விரைவாக்கின. பிள்ளை தூக்கிய காலோடு நின்றாள், பின்பு வைத்தாள். சலங்கை தொடர்ந்து ஒலித்தது. சபையில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை. அணைத்த விளக்குகள் சூடு ஆறும்வரை நான் மடிக்கணினியை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பனையைக் கலைத்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகின்றாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, எட்டாம் தட்டிலதானே முடியவேணும்? லைற் ஒன்பதாம் தட்டிலதான் முடிஞ்சது. நான் எண்ணினனான்."

வீட்டுக்குச் சென்று பதிவுசெய்த காட்சியை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதாந் தட்டிலேதான் முடிந்திருந்தது. எட்டுத் தட்டுக்கு இவ்வளவு செக்கன் என்று ஒத்திகையில் அளந்து எழுதிவைத்திருந்தேன். விழா நாளில் மிருதங்கம் வாசித்தவர் உற்சாகத்தில் ஒரு சிறிது விரைந்திருக்கிறார். வெளிச்சம் கடிகாரத்தைக் கேட்டது; பிள்ளை மிருதங்கத்தைக் கேட்டாள். இப்பொழுது செக்கன் கணக்கை நீக்கிவிட்டு, ஒருவர் பக்கத்தில் இருந்து தட்டுக்கு ஒரு தரம் விசையை அழுத்தினால், அந்த வேகத்தைப் பின்பற்றும்படி செய்நிரலைத் திருத்தியிருக்கின்றேன். எனக்குத் தாளம் நிற்காது. ஆசிரியை மேடையருகே தட்டுக்கழியோடு இருப்பார். அடுத்த நிகழ்ச்சிக்கு விசையை அழுத்த அப்பிள்ளையின் தங்கை ஒப்புக்கொண்டிருக்கின்றாள். கதிரைக்கு மேலே இரண்டு தலையணை வைத்தால் அவளுக்கு எட்டும்.